‘புறக்கணிப்பு’ வேண்டாம்: ‘பக்கந்தோன்றாமை’ என்னும் சொல்லுக்காக

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

பக்கவாதம் வந்தவர்களின் குடும்பத்தாருக்காக மதுரையில் நாங்கள் சிலர் எழுதிவரும் கையேட்டுக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். மூளையின் ஒரு பாதி பழுதுபட்டபின், எதிர்ப்பக்கத்தில் உள்ளவை நோயாளியின் உலகத்திலிருந்தே போய்விடும் நிலைக்கான சொல். பெரும்பாலோர் ‘அரைவெளிப் புறக்கணிப்பு’ என்பதற்கு இசைந்துவிட்டீர்கள். அது வேண்டாம் என்று வாதாடவே இந்த மடல்.

மேலூரில் என் சித்தப்பாவுக்கு மூளையின் வலப்பாதியில் அடைப்பு ஏற்பட்டது. வீட்டுக்கு வந்தபின் இலை போட்டுப் பரிமாறினோம். வலப்பக்கம் இருந்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, “கூட்டு வைக்கவில்லையா?” என்று சித்தியைக் கேட்டார். கூட்டு இலையின் இடப்பக்கத்தில் அப்படியே இருந்தது. முகம் மழித்துக்கொண்டால் இடது கன்னத்தில் தாடி நிற்கும். “வேண்டுமென்றே செய்கிறார்”, “எல்லாம் அலட்சியம்” என்று வீட்டில் பேச்சு எழுந்தது. சித்தி மட்டும் ஒரு நாள் எதுவும் சொல்லாமல் இலையைத் திருப்பிப் போட்டார். இலையின் நுனி வலப்பக்கம் வரக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மீறாத முறை. கூட்டு வலப்பக்கம் வந்ததும் சித்தப்பா நிம்மதியாகச் சாப்பிட்டார்.

கையேடு போகப்போவது இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான். தேர்தல் புறக்கணிப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு என்று நாளிதழில் படித்துப் பழகியவர்கள் அவர்கள். தெரிந்தே, முடிவெடுத்து ஒதுக்குவதுதான் புறக்கணிப்பு. அந்தச் சொல்லை அச்சடித்துக் கொடுத்தால், வீட்டார் சுமத்திய பழிக்கு மருத்துவமே முத்திரை குத்தியதாகிவிடும். ‘neglect’ என்னும் ஆங்கிலச் சொல்லிலும் இதே பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நாமும் சுமக்க என்ன கட்டாயம்? பழஞ்சொல் வேண்டும் என்று ‘பொச்சாப்பு’ பரிந்துரைத்த ஐயாவுக்கும் என் பதில் இதுதான். மகிழ்ச்சி மிகுந்து கடமையை மறக்கும் சோர்வைக் கண்டிக்கவே குறளில் பொச்சாவாமை அதிகாரம் இருக்கிறது. நோயாளியைக் கண்டிக்க நமக்கு எதுவும் இல்லை.

‘பாதிப் பார்வை இழப்பு’ வேறொரு குறை. அதற்கென்று அந்தச் சொல்லை விட்டுவைப்போம். பார்வைப்புலத்தில் பாதியை இழந்தவர் பெரும்பாலும் அதை உணர்ந்து தலையைத் திருப்பி ஈடுகட்டுவார். சித்தப்பாவுக்கோ திருப்பிப் பார்க்க அங்கே ஒரு பக்கம் இருப்பதாகவே படவில்லை. இது கண்ணோடு நின்றுவிடும் குறை அன்று என்பதை 1978இல் எடோர்டோ பிசியாக், கிளாடியோ லுட்சாட்டி என்னும் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தை நன்கு அறிந்த இரண்டு நோயாளிகளிடம், சதுக்கத்தின் மறுகோடியில் ஆலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, தெரிவதைச் சொல்லுங்கள் என்றார்கள். பெரும்பாலும் வலப்பக்கக் கட்டடங்கள் மட்டுமே வந்தன. பிறகு ஆலயத்து வாசலில் முதுகு காட்டி நிற்பதாக நினைக்கச் சொன்னார்கள். முன்பு விட்டுப்போனவை இப்போது வந்தன. முன்பு சொன்னவை விட்டுப்போயின.

இதை மதுரைக்குக் கொண்டுவந்து பாருங்கள். புதுமண்டபத்து வாசலில் மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைப் பார்த்தபடி மனத்தால் நில்லுங்கள். அஷ்டசக்தி மண்டபம் இடக்கைப் பக்கம். சித்தப்பாவைப் போன்ற ஒருவருக்கு அது வராது. கோபுர வாசலிலிருந்து புதுமண்டபத்தைப் பார்க்கத் திரும்பி நின்றால், அதே அஷ்டசக்தி மண்டபம் வலப்பக்கம் வந்து நினைவில் ஏறிவிடும். இடத்தை அவர் மறக்கவில்லை. ஆகவே ‘இடமறதி’யும் பொருந்தாது. ‘இடம்’ என்ற ஒரே சொல் இடதையும் வெளியையும் குறிப்பது எனக்கும் ஆசையைத் தூண்டியது. ஆனால் இடது மூளை பழுதுபட்டு வலப்பக்கம் தொலைந்துபோவதும் உண்டு, குறைவாகவும் மெலிதாகவும்.

‘ஒருபக்கக் கவனமின்மை’தான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. வலது மூளை இரு பக்கங்களையும் கவனிக்கிறது, இடது மூளை வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது, அதனால்தான் வலது பழுதுபட்டால் இடப்பக்கம் ஆதரவற்றுப் போகிறது என்ற விளக்கம் வலுவானது. ஆயினும் எல்லாமே கவனத்தின் கோளாறுதானா, வெளியைப் பற்றி மனம் வரைந்துகொள்ளும் உள்வரைவின் கோளாறும் உண்டா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. மூளையின் எந்தப் பகுதி பழுதுபடுவதால் இது வருகிறது என்பதிலும் அப்படித்தான். தலையுச்சிக்குக் கீழே உள்ள உச்சிமடலின் பின்பகுதியையே பெரும்பாலோர் சொல்லிவந்தபோது, ஹான்ஸ்-ஓட்டோ கார்னாத் குழுவினர் 2001இல் நேச்சர் இதழில், காதருகே உள்ள பொட்டுமடலின் மேல்மடிப்புதான் வெளியுணர்வின் இருப்பிடம் என்று எழுதினார்கள். இடப்பக்கத்துப் பொட்டுமடல் மொழிக்கு, வலப்பக்கத்தது வெளியுணர்வுக்கு என்று மனித மூளை பங்கிட்டுக்கொண்டது என்பது அவர்கள் கருத்து. இரண்டே ஆண்டில், 2003இல், வேறொரு குழு உச்சிமடலில் உள்ள கோணமடிப்பு என்னும் பகுதியைச் சுட்டி மறுத்தது. வழக்கு முடியாதபோது கலைச்சொல் ஒரு கட்சியில் சேரக் கூடாது.

இன்னொரு சோதனையும் என்னைத் தடுக்கிறது. 1988இல் ஜான் மார்ஷலும் பீட்டர் ஹாலிகனும் ஒரு பெண்மணியிடம் இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினார்கள். ஒன்றில் இடப்பக்கம் தீ எரிந்தது. இரண்டும் ஒன்றே என்றார் அவர். எந்த வீட்டில் குடியிருப்பீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலான தடவை எரியாத வீட்டையே சுட்டினார். தீ எங்கோ உள்ளே பதிந்திருக்கிறது, அவருக்குத் தோன்றவில்லை.

இந்த வாக்கியத்தை எழுதியபோதுதான் சொல் கிடைத்தது. தோன்றுதல். கண்ணுக்குத் தோன்றுவதும் அதுதான், மனத்துக்குத் தோன்றுவதும் அதுதான். இலையின் கூட்டும் மிலான் சதுக்கமும் அந்த ஒரே வினைக்குள் அடங்குகின்றன. ‘எனக்குத் தோன்றவில்லை’ என்னும்போது எழுவாய் நான் இல்லை, தோன்றாத பொருள். பசியும் வலியும் போல அது எனக்கு நேர்வது. பழி சொல்லுக்குள் புகவே வழியில்லை.

பள்ளியில் படித்த ‘தோன்றா எழுவாய்’ நினைவிருக்கிறதா? ‘வந்தான்’ என்ற சொல்லில் ‘அவன்’ வெளிப்படாமலே இருக்கிறான். அப்படித்தான் அந்த இடப்பக்கமும். ஆகவே அந்தப் பக்கம் ‘தோன்றாப்பக்கம்’, நிலை ‘பக்கந்தோன்றாமை’. எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டுமானால் ‘இடப்பக்கந்தோன்றாமை’. ‘வெளி’யையும் ‘அரை’யையும் விட்டது வேண்டுமென்றேதான். சிலர் பூக்களை வரையும்போது ஒவ்வொரு பூவிலும் இடது இதழ்களை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அங்கே விட்டுப்போவது பொருளின் பக்கம். மேலும் குறை நட்டநடுவில் கோடு போட்டு நிற்பதில்லை, இடப்பக்கம் செல்லச் செல்லக் கூடுகிறது. ‘பக்கவாதம்’ தெரிந்த வீட்டுக்குப் ‘பக்கம்’ புதிய சொல்லும் அன்று.

நீளம் என்பீர்கள். ‘அரைவெளிப் புறக்கணிப்பு’ இதைவிட நீளம். ‘பக்கந்’ என்ற புணர்ச்சி வாசகரை மிரட்டும் என்றால், கையேட்டில் ‘பக்கம் தோன்றாமை’ என்று பிரித்தே அச்சிடலாம், எனக்கு மறுப்பில்லை.

கையேட்டில் எழுதியிருப்பது இது: “உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பக்கம் தோன்றாமை ஏற்பட்டிருக்கிறது. தோன்றாப் பக்கத்தில் இருப்பதை அவர் ஒதுக்கவில்லை. அது அவருக்குத் தோன்றவில்லை. சாப்பிடும்போது இலையைத் திருப்பி வையுங்கள்.” உங்கள் வீட்டில் மருத்துவம் அறியாத ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் தடுமாறினார் என்று எழுதுங்கள்.