கார்னரிங் (வளைவுல வண்டிய சரியா திருப்புறது) மட்டும் சொல்லிக்குடுக்குற பைக் ஸ்கூல் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், கொல்லிமலைல வெச்சு நடத்தலாமா?

நாமக்கல்_ரைடர்:
வணக்கம் மக்களே. நான் டூவீலர் ஷோரூம்ல சர்வீஸ் அட்வைசர். ரேஸ்லாம் ஓட்டுனதில்ல, ஆனா டிராக்ல ட்ரெய்னிங் போய் முறையா கத்துக்கிட்டேன், இப்ப தெரிஞ்ச பசங்களுக்கு சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன். வாரக்கடைசில கொல்லிமலைக்கு ஏறுற கூட்டத்த பாத்தா வயித்த கலக்குது. காரவள்ளில இருந்து மேல போறதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவு, அதுல பாதி பேரு வளைவுக்கு உள்ள போனப்புறம் தான் பயந்து பிரேக் புடிக்குறான், வண்டி நிமிந்து நேரா எதிர் லேனுக்கு போகுது. இவங்கள குறை சொல்லியும் பிரயோஜனம் இல்ல, நம்ம ஊர்ல யாரு சொல்லிக்குடுத்தா? ஆர்டிஓ ஆபீஸ்ல எட்டு போட்டா லைசென்ஸ், அவ்ளோதான். அந்த எட்டு ஃபர்ஸ்ட் கியர்ல நடக்குற ஸ்பீடுல ஹேண்டில திருப்பி போடுறது, 50ல வளைவு திரும்புறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

என் பிளான் இதான். சனிக்கிழமை காலைல அடிவாரத்துல ஒரு ரூம் எடுத்து ரெண்டு மணி நேரம் கிளாஸ், அப்புறம் எல்லாரும் மலை ஏறி, நான் முன்னாடி போக அவங்க பின்னாடி வந்து பாத்து கத்துக்கணும். ஒரு பேட்ச்க்கு 8 பேரு, தலைக்கு 3500 ரூபா, அவங்கவங்க வண்டி. கையில 4 லட்சம் சேத்து வெச்சிருக்கேன். லைசென்ஸ் ஏதாவது வாங்கணுமா, இன்சூரன்ஸ் எப்படி, இது ஓடுமா? மனசுல பட்டத சொல்லுங்க.

டிராக்சைட்:
தம்பி, எண்ணம் ரொம்ப நல்ல எண்ணம், கண்டிப்பா பண்ணுங்க. ஆனா மலைல வேணாம். சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல மார்ஷலா கொடி புடிச்சவன், அப்புறம் ட்ரெய்னிங்லயும் உதவிக்கு இருந்தவன்ங்கற முறைல சொல்றேன்.

வலது பக்க வளைவ எடுத்துக்குங்க. டயர் நம்ம லேனுக்குள்ள தான் இருக்கும், நடுக்கோட்டுக்கு ஒரு அடி தள்ளி ஓட்டுறோம்னு பையன் நினைச்சுக்குவான், ஆனா வண்டி சாஞ்ச உடனே அவன் தலையும் தோளும் கோட்ட தாண்டி எதிர் லேன்ல இருக்கும். மேல இருந்து பஸ் இறங்குனா மொதல்ல அவன் ஹெல்மெட்ட தான் பாக்கும். கொண்டை ஊசில பஸ்ஸுக்கு முழு ரோடும் வேணும், டிரைவர் மேல தப்பே கிடையாது. இடது வளைவுல பயந்து வெளிய போனாலும் போய் நிக்குறது அதே எதிர் லேன்ல தான். கத்துக்குறவன் தப்பு பண்ணத்தான் செய்வான், தப்பு பண்ணா எந்திரிச்சு வர்ற எடத்துல தான் அவன ஓட்ட விடணும்.

இன்னொன்னு, மலைல ஒரே வளைவ திரும்ப திரும்ப போட முடியாது. 70 வளைவும் 70 விதம், ஒன்னுல மண்ணு, ஒன்னுல டீசல் சிந்தியிருக்கும், ஒன்னுல கொரங்கு. அவனுக்கு எது வேல செஞ்சுதுன்னே தெரியாது. முன்னாடி போயிட்டு கண்ணாடில பாத்து நீங்களும் எதையும் திருத்த முடியாது. சொல்லிக்குடுக்குறவன் வேலையே நின்னு பாக்குறது தான், அவன் கண்ணு எங்க போகுது, முழங்கை மடங்கியிருக்கா விறைச்சிருக்கா, த்ராட்டில, அதான் ஆக்சிலேட்டர, எந்த எடத்துல தொறக்குறான்னு வெளிய நின்னு பாத்தா தான் தெரியும்.

ஸ்பீடு வேணுமேன்னு கேப்பீங்க, வேணாம். 60 கிமீ ஸ்பீடுல 60 மீட்டர் ஆரமுள்ள வளைவ எடுத்தா வண்டி சுமாரா 25 டிகிரி சாயணும். அதே 25 டிகிரிய 30லயும் கொண்டு வரலாம், வளைவோட ஆரத்த 15 மீட்டர் ஆக்குனா போதும். ஸ்பீடு பாதியானா ஆரம் கால்வாசி ஆகணும், கணக்கு அவ்ளோதான். சாயுறப்ப வர்ற பயம் அதே பயம், விழுந்தா மட்டும் லீவரும் இண்டிகேட்டரும் போறதோட முடிஞ்சிரும். அதனால நல்ல தார் இல்லன்னா கான்க்ரீட் போட்ட, வெளி வண்டி வராத கிரவுண்டு, 100 மீட்டருக்கு 60 மீட்டர் கிடைச்சா ஸ்கூல் ரெடி. கோ-கார்ட் (குட்டி ரேஸ் கார்) டிராக்க நாள் வாடகைக்கு கேட்டும் பாக்கலாம், ஆனா ஓரத்துல அடுக்கியிருக்குற டயர் சுவரு எவ்ளோ தள்ளி இருக்குன்னு மொதல்ல அளந்துக்குங்க, கார்ட்டுக்கு சரியா இருக்குறது பைக்குக்கு சரியா இருக்காது.

என்ன சொல்லிக்குடுக்குறதுன்னா மொத நாள் மூணே விஷயம் போதும். மொதல்ல கவுண்டர் ஸ்டீயரிங். நேரா 30, 35ல போறப்ப விரல்லாம் விரிச்சு வெறும் உள்ளங்கையால வலது கிரிப்ப முன்னாடி லேசா தள்ளச் சொல்லுங்க, வண்டி வலது பக்கம் சாயும். இடது தள்ளுனா இடது. வருஷக்கணக்கா ஓட்டுறவன் கூட அப்படியே முழிப்பான், ஏன்னா ஒடம்ப சாச்சா தான் வண்டி திரும்புதுன்னு நம்பிட்டு இருந்திருப்பான். இத நிரூபிக்கவே கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல்ல ஒரு வண்டி வெச்சிருக்காங்க, கீத் கோட் 1980ல ஆரம்பிச்ச ஸ்கூல், நம்ம சென்னை டிராக்குக்கும் வந்து நடத்தியிருக்காங்க. அந்த வண்டில ஃப்ரேமோட சேத்து அசையாத இன்னொரு ஹேண்டில்பாரும் இருக்கும், த்ராட்டிலும் அதுல இருக்கும். அத புடிச்சுட்டு ஒடம்ப மட்டும் என்னதான் வளைச்சாலும் வண்டி சொன்னபடி திரும்பாது.

ரெண்டாவது கண்ணு. வளைவுக்கு அடையாளமா தரைல வெச்ச பிளாஸ்டிக் கோன பாத்தா கோன் மேல தான் போவான். கோனுக்கு அந்தப்பக்கம் எங்க வெளிய வரப்போறோமோ அத பாக்கணும், தாடை அந்தப்பக்கம் திரும்பணும், வெறும் கருவிழி மட்டும் திரும்புனா பத்தாது. மூணாவது த்ராட்டில். வளைவுக்கு முன்னாடியே ஸ்பீடு கொறச்சு முடிச்சிரணும், வண்டிய சாச்ச உடனே த்ராட்டில துளியூண்டு தொறந்து வளைவு முடியுற வரைக்கும் சீரா ஏத்திட்டே போகணும். நடுவுல பயந்து பட்டுனு மூடுனா வெயிட்டெல்லாம் முன் டயருக்கு வந்து வண்டி நினைச்ச லைன்ல நிக்காது. முழங்கால தரைல உரசுறது, ட்ரெயில் பிரேக்கிங் (வளைவுக்குள்ள போறப்பவும் பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டே போறது) எல்லாம் அப்புறம். முழங்கால் உரசுற ஃபோட்டோவுக்காக வர்றவங்களுக்கு உங்க ஸ்கூல் இல்லன்னு போஸ்டர்லயே போட்டுருங்க.

பாலிசி_பாலு:
இன்சூரன்ஸ்ல வேல பாக்குறேன், அந்த பக்கத்த மட்டும் சொல்றேன். நம்ம மோட்டார் பாலிசில உபயோக வரம்புன்னு ஒரு பத்தி இருக்கும், ரேஸ், ஸ்பீடு டெஸ்ட் இதுக்கெல்லாம் கவர் கிடையாதுன்னு அதுல எழுதியிருப்பாங்க. ட்ரெய்னிங் ரேஸ் இல்ல தான், ஆனா க்ளெய்ம்னு வந்தா டிராக்ல நடந்துச்சுன்ன உடனே கேள்வி கேப்பாங்க. அதனால கம்பெனிகிட்ட முன்னாடியே மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க, போன்ல சொன்னது செல்லாது. வர்றவங்களுக்கு குரூப் பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியும் நடத்துற உங்களுக்கு பொறுப்பு காப்பீடும் தனித்தனியா கேளுங்க, ரெண்டும் வேற வேற. எங்க பொறுப்பு இல்லன்னு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நிறைய பேரு நினைக்குறாங்க. உங்க பக்கம் கவனக்குறைவு இருந்தா அந்த பேப்பர் உங்கள காப்பாத்தாது, அவங்க நுகர்வோர் கோர்ட்டுக்கு தாராளமா போகலாம்.

லைசென்ஸ் விஷயம்: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 24வது விதிப்படி டிரைவிங் ஸ்கூல் நடத்த அனுமதி வாங்கியே ஆகணும். நீங்க எடுக்கப்போறது ஏற்கனவே லைசென்ஸ் வெச்சிருக்குறவங்கள, அதுவும் தனியார் எடத்துல. இது அந்த விதிக்குள்ள வருமான்னு உங்க ஆர்டிஓகிட்ட மனு குடுத்து பதில எழுத்துல வாங்கி ஃபைல்ல வைங்க. மலைல கூட்டமா நேரம் வெச்சு ஓட்டுனீங்கன்னா மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவு வேற இருக்கு, பொது ரோட்ல ரேஸ், ஸ்பீடு சோதனைக்கு மொத தடவையே 5000 ரூபா வரைக்கும் அபராதம், ஜெயிலும் உண்டு. நீங்க கிளாஸ்னு சொல்லலாம், பாக்குறவங்களுக்கு ரேஸா தான் தெரியும்.

கோவை_அபெக்ஸ்:
அண்ணா, நான் கோயமுத்தூருங்க, இங்க இருக்குற கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல ஒரு ட்ரெய்னிங் பண்ணிருக்கேன். ஒன்னே ஒன்னு சொல்லணும், பொண்ணுங்களையும் மனசுல வெச்சு ஆரம்பிங்க. நான் போன பேட்ச்ல நான் ஒருத்தி தான். சொல்லிக்குடுத்தவரு நல்லவரு தான், ஆனா எனக்கு திருத்தம் சொல்லாம சூப்பர்மா சூப்பர்மான்னே சொல்லிட்டு இருந்தாரு, பசங்களுக்கு மட்டும் உக்காந்து வெளக்குறாரு. காசு ஒரே காசு தானுங்களே. அப்புறம் கூட வந்த ஒரு அக்கா போன்ல எடுத்த வீடியோ பாத்து தான் எனக்கே தெரிஞ்சுது, இடது வளைவு நல்லா எடுக்குறேன், வலதுல மட்டும் தோள இறுக்கி வெச்சுட்டு த்ராட்டில தொறக்கவே பயப்படுறேன். வலது கையில தான் த்ராட்டில் இருக்கு, அதே கையால தான் தள்ளவும் செய்யணும், அதனால நிறைய பேருக்கு வலது வளைவு கஷ்டம்னு அப்புறம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். இத அன்னைக்கே அவரு பாத்து சொல்லியிருந்தா எவ்ளோ நல்லாருந்திருக்கும்.

அதனால 8 பேருக்கு நீங்க ஒருத்தரே போதாதுங்கண்ணா. இன்னொருத்தர சேத்துக்குங்க, ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு வீடியோ எடுத்து ஓட்டுனவங்ககிட்ட அங்கயே காட்டுங்க. ஸ்கூல் வண்டியும் ரெண்டு வேணும், 150சிசி பழசு, க்ராஷ் கார்டு போட்டு. சொந்த வண்டி கீழ போட்டா வீட்ல என்ன சொல்லுவாங்கன்ற பயத்துலயே பாதி பேரு சாய மாட்டாங்க.

நாமக்கல்_ரைடர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நிஜமா இவ்ளோ பேரு இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு நினைக்கல. மலைய விட்டுட்டேன். லாரி பாடி கட்டுற ஒருத்தரு தெரிஞ்சவரு, அவரு யார்டுல கான்க்ரீட் தளம் 90க்கு 50 மீட்டர் இருக்கு, ஞாயித்துக்கிழமை காலியா தான் கெடக்கும், தர்றேன்னு சொல்றாரு. சுத்தி காம்பவுண்டு. பேட்ச 6 பேராக்கி ரெண்டு பேரு சேந்து சொல்லிக்குடுக்கலாம்னு இருக்கோம். தளத்த எப்படி செக் பண்றது?

டிராக்சைட்:
90க்கு 50 நான் சொன்னத விட கொஞ்சம் சின்னது, ஆனா சமாளிக்கலாம். காம்பவுண்டுல இருந்து 15 மீட்டராவது தள்ளி தான் கோன் வரணும், அதுக்கேத்த மாதிரி வளைவையும் ஸ்பீடையும் கொறச்சுக்குங்க. மொதல்ல நடந்து பாருங்க, லாரி நிக்குற எடம்னா ஆயில் கறை, வெல்டிங் துண்டு, போல்ட்டு கண்டிப்பா கெடக்கும். கான்க்ரீட் வழவழன்னு பாலிஷ் ஆயிருந்தா வேணவே வேணாம், தண்ணி தெளிச்சு செருப்பு கால தேச்சு பாருங்க, வழுக்குச்சுன்னா வேற எடம் பாருங்க. ஸ்லாபு ஜாயிண்ட்டு வளைவு போற தெசைலயே நீளமா ஓடுனா கோன மாத்தி வைங்க, ஜாயிண்ட்ட குறுக்க தாண்டணும், அதும் மேல சாஞ்சுட்டே போகக்கூடாது. அப்புறம் ஏபிஎஸ் (பிரேக் புடிக்குறப்ப டயர் லாக் ஆகாம பாத்துக்குறது) இருக்குற வண்டில நேரா 40ல வந்து முழு பிரேக் புடிங்க, ஏபிஎஸ் ரொம்ப சீக்கிரமே தடதடன்னு வேல செஞ்சா பிடிப்பு கம்மின்னு அர்த்தம்.

ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ், கணுக்கால் மூடுன ஷூ இல்லாதவன கேட்டுலயே நிறுத்துங்க. டயர் காத்து காலைலயே வண்டி மேனுவல்ல போட்ட அளவுக்கு நீங்களே செக் பண்ணுங்க, அவன் சொல்றத நம்பாதீங்க. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எத்தன நிமிஷம் ஆகுதுன்னு வண்டில போய் பாத்து வைங்க, ஒருத்தராவது முதலுதவி படிச்சிருக்கணும், விழுந்தவன் ஹெல்மெட்ட அவசரப்பட்டு உருவக்கூடாதுன்னு எல்லாருக்கும் கிளாஸ்லயே சொல்லிருங்க.

மொத பேட்ச் தேதி முடிவானா சொல்லுங்க, நானும் வந்து ஒரு ஓரமா நின்னு பாக்குறேன்.

நாமக்கல்_ரைடர்:
கண்டிப்பா வாங்கண்ணா. இந்த ஞாயிறு யார்ட கூட்டி கழுவி தண்ணி டெஸ்ட் பண்றோம், ஃபோட்டோ போடுறேன்.