அயனித் திரவ கேட்டிங்: உறையும்போது பாதி எலக்ட்ரான் காணாமல் போகிறது

அயனித் திரவத்துக்கு மின்னழுத்தம் கொடுத்து, அது தொடும் செதிலின் மேற்பரப்பில் எலக்ட்ரான்களைத் திரட்டி, செதிலை மீக்கடத்தியாக்கப் பார்க்கிறேன். என் அமைப்பு: 12 நானோமீட்டர் தடிமனுள்ள மாலிப்டினம் டைசல்பைடு செதில், டைட்டானியம்-தங்கத் தொடுமுனைகள், பக்கவாட்டு கேட் (திரவத்துக்கு மின்னழுத்தம் கொடுக்கும் மின்முனை), டீம்-டிஎஃப்எஸ்ஐ அயனித் திரவம். 220 கெல்வினில் கேட்டுக்கு 5 வோல்ட் கொடுத்தால் ஹால் அளவீட்டில் (காந்தப்புலம் கொண்டு எலக்ட்ரான் அடர்த்தியை அளப்பது) சதுர செ.மீ.க்கு 8×10¹³ எலக்ட்ரான் தெரிகிறது. மீக்கடத்துதிறன் (மின்தடை சுழியாகும் நிலை) தலைகாட்ட ஏறத்தாழ 7×10¹³ போதும். ஆனால் குளிர்விக்கும்போது திரவம் உறையும் 190 கெல்வின் அருகே மின்தடை திடீரென எகிறுகிறது. 20 கெல்வினில் மிஞ்சுவது 4.5×10¹³தான். 2 கெல்வின் வரை இறங்கியும் மின்தடை சுழியாகவில்லை. மூன்று வாரம், மூன்று செதில், எல்லாவற்றிலும் இதேதான்.

குளிரும்போது கேட் மின்னழுத்தத்தை எடுக்கவில்லை. திரவத்தை வெற்றிடத்தில் 80 டிகிரி செல்சியஸில் 12 மணி நேரம் உலர்த்தினேன். கேட் பரப்பு சேனலை (மின்னோட்டம் பாயும் செதில் பகுதி) போல் 100 மடங்கு. கசிவு மின்னோட்டம் 1 நானோஆம்பியருக்குக் கீழ். மறுபடி 220 கெல்வினுக்குச் சூடாக்கி கேட்டைச் சுழியாக்கினால் பழைய மின்தடை அப்படியே திரும்புகிறது. ஆகவே மின்வேதி அரிப்பு என்று நான் நம்பவில்லை. 6 வோல்ட்டுக்குப் போனபோதுதான் கசிவு ஏறி ஒரு தொடுமுனை பாழானது. குளிர்விக்கும் வேகத்தை நிமிடத்துக்கு 3 கெல்வினிலிருந்து 0.5 ஆகக் குறைத்தேன், பயனில்லை. துளியைச் சிறிதாக்கியதில் மட்டும் 5×10¹³ வரை தேறியது. உறையும் திரவம் சுருங்கி செதிலை விட்டுப் பிரிகிறது என்பதே என் சந்தேகம்.

இதைத் தடுக்க, துளிமேல் மெல்லிய கண்ணாடித் தகடு வைப்பதா, அயனி ஜெல்லுக்கு (பாலிமரில் கட்டுண்ட அயனித் திரவம்) மாறுவதா: செய்து பார்த்தவர்களுக்கு எது கைகொடுத்தது?