பூனை மிகுதியாகத் தண்ணீர் குடிக்கிறது: வெயிலா, தீவனமா, நோயா?

கேள்வி:
வணக்கம். மதுரையில் நாங்கள் வளர்க்கும் கருப்பன், கருத்தடை செய்த பத்து வயது நாட்டுக் கடுவன். மீன் சோறு தின்ற காலத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை மோந்து பார்ப்பதோடு சரி. சித்திரையில் உலர் தீவனத்துக்கு மாற்றினோம். இப்போது கிண்ணம் போதாமல் குளியலறை வாளியின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி நின்று குடிக்கிறான். இதற்கு வெயிலும் தீவனமும்தான் காரணமா?

மறுமொழி 1:
ஓரளவுக்கு இருக்கலாம். மீன் சோற்றில் பெரும்பகுதி ஈரம்; உலர் தீவனத்திலோ அது 10 சதவீத அளவுதான். ஆனாலும் ஊகிப்பதைவிட அளந்துவிடுவது நல்லது. வாளியை மூடிவிட்டு, கிண்ணத்தில் 750 மி.லி. ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மீதியை அளந்து பாருங்கள். அதே அளவுள்ள இன்னொரு கிண்ணத்தைப் பூனைக்கு எட்டாமல் வைத்தால், ஆவியாகிப் போனது எவ்வளவு என்று கழித்துக்கொள்ளலாம். உணவின் ஈரத்தையும் சேர்த்து, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 மி.லி. வரை இயல்பு. எக்காரணம் கொண்டும் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

கேட்டவர்:
மூன்று நாள் சராசரி 520 மி.லி. வருகிறது. நன்றாகத் தின்றும் எடை 5.6 கிலோவிலிருந்து 4.8 ஆகியிருக்கிறது. இன்னொன்று: மணல் தட்டில் அவன் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது.

மறுமொழி 2:
எறும்பை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் கிலோவுக்கு 100 மி.லி.யைத் தாண்டிக் குடிப்பதும், தின்றும் மெலிவதும் சேரும்போது எனக்கு முதலில் நீரிழிவுதான் நினைவுக்கு வருகிறது. தைராய்டு மிகைச் சுரப்பும் சிறுநீரக நோயும் இந்த வயதில் இப்படிக் காட்டும் என்பதால் மூன்றுக்குமே பரிசோதனை தேவை. பதற்றத்திலேயே பூனைக்கு இரத்தச் சர்க்கரை ஏறிவிடும். ஆகவே சிறுநீர்ச் சர்க்கரையையும், கடந்த சில வாரச் சர்க்கரை நிலையைக் காட்டும் ஃபிரக்டோசமைன் என்ற இரத்தப் பரிசோதனையையும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பின்னங்கால் குதிகால் தரையில் பதிய நடக்கிறானா? நீரிழிவால் நரம்பு பாதித்த பூனை அப்படி நடக்கும்.

கேட்டவர்:
ஆம், முதுமை என்றே நினைத்திருந்தோம். நாளைக் காலை அழைத்துச் செல்கிறோம். சிறுநீரை எப்படிப் பிடிப்பது?

மறுமொழி 2:
மணலைக் கொட்டிவிட்டு, கழுவி உலர்த்திய மீன்தொட்டிக் கற்களைத் தட்டில் பரப்புங்கள். தேங்குவதை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரே எடுத்துக்கொள்வார். இன்றிரவு அவன் தீவனத்தைத் தொடாமல் வாந்தியெடுத்தாலோ துவண்டு படுத்தாலோ, காலைவரை பொறுக்காதீர்கள்.