கோளாறு ஓரிடம், கை வைத்தது வேறிடம்: பேஸ் கிட்டார் பழுதுபார்த்த அனுபவங்கள்

பேஸ் கிட்டாரைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் உள்ளவர்கள் இங்கே எழுதுங்கள். வெற்றிக் கதைகளும் வரட்டும். ஆனால் கோளாறு ஓரிடத்தில் இருக்க, நீங்கள் வேறெங்கோ குடைந்துகொண்டிருந்த கதை இருந்தால் அதற்கு முதலிடம். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

என்னுடையது நான்கு ஸ்ட்ரிங் பேஸ், 34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம்), ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியது. புது ஸ்ட்ரிங் மாட்டிய மறுநாளிலிருந்து ஆகத் தடிமனான ஈ ஸ்ட்ரிங்கில் முதல் நாலைந்து ஃப்ரெட்டுகளில் (நெக் என்கிற கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) எங்கே அழுத்தினாலும் ‘ஜ்ர்ர்’ என்று ஒரு கரகரப்பு. ஸ்ட்ரிங் எங்கோ உரசுகிறது என்பது புரிந்தது. உரசினால் உயர்த்த வேண்டியதுதானே என்று உடலில் ஸ்ட்ரிங் மாட்டியிருக்கும் பிரிட்ஜில், ஸ்ட்ரிங்கைத் தாங்குகிற சேடிலை ஏற்றினேன். கொஞ்சம் குறைந்தது. இன்னும் ஏற்றினேன். ஏற்றிக்கொண்டே போய், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்குக்கு அடியில் பென்சிலையே நுழைத்துவிடலாம் என்கிற நிலை வந்துவிட்டது. அப்போதும் கரகரப்பு முழுசாகப் போகவில்லை. அரை மணி நேரம் வாசித்தால் இடது மணிக்கட்டு கெஞ்சியது.

அதற்கப்புறம்தான் நெக்கின் வளைவை அளக்க வேண்டும் என்ற புத்தி வந்தது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, நெக் உடலோடு சேருகிற இடத்தில் ஸ்ட்ரிங்கை விரலால் அழுத்தினால், அந்த ஸ்ட்ரிங்கே அளவுகோல் ஆகிவிடும். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகில் அதற்கடியில் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். என் பேஸில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் ஆக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. நெக் பின்பக்கமாக வளைந்து கிடந்தது. நடந்தது இதுதான்: முன்பு வைத்திருந்தவர் தடிமனான ஸ்ட்ரிங்குக்கு ஏற்றபடி, நெக்குக்குள் ஓடும் கம்பியான டிரஸ் ராடை இறுக்கி வைத்திருந்தார். நான் மெல்லிய செட் மாட்டினேன். இழுவை குறைந்ததும் ராடின் கை ஓங்கிவிட்டது. சாதாரணத் தடிமனுள்ள 45–100 செட்டே நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை 80 கிலோவை ஒட்டி இழுக்கும். அந்த இழுவைக்கு எதிராக உள்ளே ஒரு கம்பி வேலை செய்துகொண்டிருப்பதை மறந்துவிட்டு நான் பிரிட்ஜோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ராடின் முனையில் ஆலன் கீயைப் போட்டு இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்தினேன், அவ்வளவுதான். ட்யூன் செய்து ஒரு இரவு விட்டு, காலையில் அளந்து, இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். சேடில்களை எல்லாம் இறக்கினேன். இப்போது பதினேழாவது ஃப்ரெட்டில் ஈ ஸ்ட்ரிங் 2.4 மி.மீ., ஆக மெல்லிய ஜி ஸ்ட்ரிங் 2 மி.மீ. உயரத்தில் நிற்கின்றன. சத்தம் சுத்தம்.

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் உரசினால் நெக்கைப் பார்ப்பேன். பன்னிரண்டுக்கு மேல் உரசினால் சேடில். எங்கும் அழுத்தாத ஓப்பன் ஸ்ட்ரிங் மட்டும் உரசினால் நட், அதாவது நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் உட்காருகிற பள்ளமிட்ட துண்டு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால், அழுத்துகிற ஃப்ரெட்டுக்கு அடுத்தது தூக்கிக்கொண்டிருக்கும். எல்லா நேரமும் இப்படியே வராது, பெரும்பாலும் வரும்.

* * *

நட் என்றீர்களே, நான் சறுக்கியது அங்கேதான்.

ஃப்ளாட்வுண்ட் (தட்டையான கம்பி சுற்றிய, வழுவழுப்பான) ஸ்ட்ரிங் மேல் திடீரென்று ஆசை. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பற்றிப் படித்ததன் விளைவு. 1962 மாடல் பிரிசிஷன் பேஸில் தடிமனான ஃப்ளாட்வுண்ட் போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டாராம். சரி, நாமும் போடுவோம் என்று ஒரு தடித்த செட் வாங்கினேன். ஈ ஸ்ட்ரிங் நட்டின் பள்ளத்தில் உட்காராமல் மேலேயே நின்றது. பள்ளத்தை அகலப்படுத்தினால் போதும், ஆழப்படுத்தக் கூடாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அரத்தை நாலு தடவை கூடுதலாக இழுத்துவிட்டேன். ஓப்பன் ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டினால் முதல் ஃப்ரெட்டில் பட்டு உறுமியது.

புது நட் செதுக்கும் அளவுக்கு எனக்குக் கை வராது. சமையல் சோடாவைப் பள்ளத்தில் தூவி, சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டேன். விட்ட கணத்தில் கல் மாதிரி இறுகிவிட்டது. (லேசாகப் புகையும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.) மறுபடி மெல்ல மெல்ல அறுத்தேன், இந்த முறை இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை ஸ்ட்ரிங்கை வைத்துப் பார்த்துக்கொண்டே. மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும், அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். தற்காலிக ஏற்பாடு என்று நினைத்துச் செய்தது, இன்னமும் அப்படியே இருக்கிறது.

* * *

என் கதை மின்சாரப் பக்கம்.

இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்குகிற, ஒற்றைச் சுருள் சுற்றிய காந்தம்) உள்ள ஜாஸ் வகை பேஸ். ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் ‘ம்ம்ம்’ என்று ஹம். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறையும். தொட்டால் குறைகிறது என்றால் கிரவுண்ட் வயர் நன்றாகத்தான் இருக்கிறது, உட்புறக் கவசம்தான் போதவில்லை என்று அர்த்தம். எனவே வயர்கள் இருக்கும் கண்ட்ரோல் குழி முழுக்கச் செப்புத் தகடு ஒட்டுவது என்று முடிவு செய்தேன். ஒரு முழு மதியம். மூலை முடுக்கெல்லாம் ஒட்டி, தகடுகள் ஒன்றோடொன்று தொடுகின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்த்து, எல்லாவற்றையும் பூட்டி, கேபிளைச் செருகினேன். ஹம் இல்லை. ஆனால் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

திறந்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. பிக்கப் இரண்டும் 7, 8 கிலோ ஓம் காட்டுகின்றன. பூட்டிக் கேபிள் செருகினால் மறுபடி மயான அமைதி. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட்தான் செத்துவிட்டது என்று தீர்மானித்து, அதன் வயர்களை உருக்கி எடுத்து மறுபடி பற்றவைத்தேன். சூடு அதிகமாகி, நன்றாக இருந்த பாட் உண்மையிலேயே செத்தது. தலைவலி போய்த் திருகுவலி. புதிதாக 250 கிலோ ஓம் பாட் வாங்கி மாட்டியும் அதே அமைதிதான்.

மூன்றாவது நாள், கேபிளைச் செருகிய நிலையிலேயே டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபிள் செருகும் ஜாக்கின் உள்ளே பிளக்கின் நுனியைப் பிடித்துக்கொள்கிற ஸ்பிரிங் தகடு இருக்கிறதல்லவா, பிளக் நுழையும்போது அது வெளிப்பக்கம் விரிகிறது. விரிந்து போய் நான் ஒட்டிய செப்பில் உட்காருகிறது. சிக்னல் முழுவதும் நேரே கிரவுண்டுக்கு. பிளக்கை எடுத்துவிட்டு மீட்டர் வைத்தால் எதுவுமே தெரியாது, தகடு விலகியிருக்கும்! அந்த இடத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப். வேலை முடிந்தது.

ஹம் கொஞ்சம் இன்னும் இருக்கிறது, ஒரு பிக்கப் மட்டும் திறந்திருக்கும்போது. சிங்கிள் காயிலுக்கு அது பிறவிக் குணம். இரண்டையும் முழுதாகத் திறந்தால் போய்விடுகிறது. இரண்டிலும் காந்தமும் சுருள் சுற்றிய திசையும் எதிரெதிர் என்பதால் ஹம் ஒன்றையொன்று அடித்துவிடும், ஸ்ட்ரிங்கின் ஒலி மட்டும் கூடிக்கொள்ளும்.

* * *

ஜாக் என்றதும் எனக்கும் ஒன்று. வெளியே மரை தளர்ந்து ஜாக் ஆடிக்கொண்டிருந்தது. இடுக்கியை வைத்து மரையை மட்டும் இறுக்கினேன். உள்ளே ஜாக்கும் கூடவே சுற்றி, வயரை முறுக்கி, அறுத்துவிட்டது. உள்ளே கையால் பிடித்துக்கொண்டு இறுக்கியிருந்தால் ஒரு நிமிட வேலை.

* * *

எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. என்னுடையது உள்ளேயே சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப் உள்ள ஆக்டிவ் பேஸ். ஒருநாள் பலமாகத் தட்டினால் ஒலி கிழிந்து வந்தது. ஆம்பின் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்தேன். நண்பரின் ஆம்பில் போட்டும் அதே. கேபிள் மாற்றினேன், பிக்கப்பை இறக்கினேன், பிரீஆம்ப்பைக் கழற்றி விலை விசாரிக்கும் வரை போய்விட்டேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்: பின்பக்க மூடிக்குள் இருந்த 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. கேபிளைச் செருகினாலே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும், அதற்கென்று தனி சுவிட்ச் கிடையாது. நானோ வாசித்து முடித்ததும் கேபிளோடு ஸ்டாண்டில் வைத்துவிடுகிற ஆள்.

* * *

மேலே எழுதிய எல்லோரையும்விட நான் துணிச்சல்காரன், அதனால் அடியும் பெரிது. ஃப்ரெட்டுகளையே பிடுங்கினேன்.

இது ஒன்றும் புதுசு இல்லை. பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் வாசித்த பில் வைமன் 1961-லேயே தன் பேஸின் ஃப்ரெட்டுகளைக் கழற்றியவர். ஜாஸ் இசையில் பேர்போன பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் உலகறிந்தது. படகுக்குப் பூசுகிற எபாக்ஸிப் பிசினை அவர் ஃபிங்கர்போர்டில் (ஸ்ட்ரிங்கை அழுத்துகிற பலகை) பூசிய கதை கேட்டு மயங்கியவர்களில் நானும் ஒருவன். சும்மா கிடந்த ஒரு பழைய பேஸ் பலியானது.

சோல்டரிங் அயனை ஃப்ரெட்டின் மேல் வைத்துச் சூடாக்கி, முகப்பு தட்டையான கொறடால் ஒரு ஓரத்திலிருந்து நெம்பாமல், பிடித்துப் பிடித்து நகர்ந்தால் ஃப்ரெட் தானாக எழும். முதல் மூன்றை அவசரப்பட்டு இழுத்ததில் ரோஸ்வுட் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. மீதி நன்றாக வந்தன. பள்ளங்களில் வெளிர் நிற மரச்சீவலை வைத்து, சூப்பர் குளூ விட்டு, காய்ந்தபின் வளைவான கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தேன். கோடுகள் அழகாகத் தெரிந்தன. ஸ்ட்ரிங் மாட்டி வாசித்தேன்.

அபஸ்வரம். ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. கோடுகளை எங்கோ தப்பாக நிரப்பிவிட்டேன் என்று அளவுகோலை வைத்து நட்டிலிருந்து ஒவ்வொன்றாக அளந்தேன், சரியாக இருந்தது. சேடிலை முன்னால் தள்ளினேன். மேலே சரியானது, கீழே கெட்டது. இரண்டு நாள் இப்படியே போனது. கோளாறு என் விரலில் இருந்தது. ஃப்ரெட் உள்ள பேஸில் ஃப்ரெட்டுக்குச் சற்று பின்னால்தான் அழுத்துவோம், ஸ்ட்ரிங்கின் நீளத்தை ஃப்ரெட் தீர்மானித்துவிடும். இங்கே விரல்தான் ஃப்ரெட். கோட்டின் மேலேயே அழுத்த வேண்டும். பல வருடப் பழக்கத்தில் நான் பின்னால் அழுத்திக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் மறந்திருந்தேன். ஃப்ரெட் போனதும் அதன் உயரம், கிட்டத்தட்ட ஒரு மி.மீ., போய்விட்டது. நட் மட்டும் பழைய உயரத்தில் நின்றது. அதனால் முதல் சில இடங்களில் ஸ்ட்ரிங்கை அழுத்தவே பலம் வேண்டியிருந்தது. நட்டின் பள்ளங்களை ஒரு காகிதம் நுழையும் உயரத்துக்கு இறக்கியபிறகுதான் வாசிக்கும்படி ஆனது.

எபாக்ஸி? பூசினேன். குமிழி குமிழியாக வந்தது. தேய்த்து எடுத்துவிட்டு ஃப்ளாட்வுண்ட் மாட்டிக்கொண்டேன். உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வுண்ட் போட்டால் மரத்தை அரம் மாதிரி ராவிவிடும்.

* * *

இன்டொனேஷன் விஷயத்தில், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக வருகிறதா என்பதில், எனக்கும் ஒரு தடவை சேடில் ஏமாற்றியது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டு, அழுத்தியது கூடுதலாக இருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுவேன், குறைந்தால் முன்னால். ஈ ஸ்ட்ரிங்கில் மட்டும் ட்யூனரின் முள் நிற்கவே மாட்டேன் என்றது, ஒரே சுரத்துக்குள் இரண்டு சுரம் அலைகிற மாதிரி. சத்தம் கூட வேண்டும் என்று பிக்கப்பை ஸ்ட்ரிங்குக்கு மிக அருகில் ஏற்றியிருந்தேன். காந்தம் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுத்திருக்கிறது. பிக்கப்பின் இரண்டு திருகையும் ஒன்றரைச் சுற்று இறக்கினேன், முள் நின்றது.

* * *

நீங்களெல்லாம் கடைசியில் கண்டுபிடித்துவிட்டீர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஜி ஸ்ட்ரிங், ஐந்தாவது ஃப்ரெட். அந்த சி சுரம் மட்டும் தட்டியவுடன் அணைந்துவிடுகிறது, பக்கத்துச் சுரங்களெல்லாம் நீண்டு ஒலிக்கையில். ஸ்ட்ரிங் மாற்றினேன். ஃப்ரெட்டைப் பரிசோதித்தேன். கனமான பிரிட்ஜ் போட்டேன். பிக்கப் மாற்றினேன். அந்த சி எழவில்லை. இதை டெட் ஸ்பாட் என்பார்கள் என்று அப்புறம் தெரிந்தது. அந்த அதிர்வெண்ணில் நெக்கும் சேர்ந்து ஆடி, ஸ்ட்ரிங்கின் சக்தியைத் தின்றுவிடுகிறது. நீளமான நெக்கின் நுனியில் ட்யூன் செய்கிற நான்கு பெரிய கட்டைகளைத் தொங்கவிட்டால் வேறென்ன ஆகும். அந்த நுனியான ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன சி-கிளாம்ப் மாட்டிப் பார்த்தேன். ஐந்தாவது ஃப்ரெட் உயிர்பெற்றது, நாலாவது செத்தது. கிளாம்ப்பைக் கழற்றிவிட்டேன். இப்போதெல்லாம் நீண்ட சி வேண்டுமென்றால் டி ஸ்ட்ரிங்கின் பத்தாவது ஃப்ரெட்டுக்குப் போய்விடுகிறேன்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். இதைப் படித்துவிட்டு என் பேஸை எடுத்து ஜி ஸ்ட்ரிங்கில் ஒவ்வொரு ஃப்ரெட்டாகத் தட்டிப் பார்த்தேன். எனக்கு ஆறாவதில் இருக்கிறது. இத்தனை வருடம் காதில் விழாமல் நிம்மதியாக இருந்தேன், அண்ணா.