இன்ஸ்கிரிப்ஷன் எடுத்தேன், சில ஹெர்ப் அரைபட மாட்டேங்குது, இங்க்கும் போட முடியல – உதவி ப்ளீஸ்

பச்சிலைப்பை:
வணக்கம் மக்களே. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேம்ல 2022ல ராத் கிளாசிக் ப்ரீ-பேட்ச் (எக்ஸ்பான்ஷனுக்கு முன்னாடி வர்ற அப்டேட்) வந்ததும், ஹெர்ப்ப அரைச்சு இங்க், ஸ்க்ரோல், கிளிஃப் எல்லாம் செய்யுற இன்ஸ்கிரிப்ஷன் தொழில் மேல ஒரே ஆசை, அதுக்குன்னே புது ஹ்யூமன் கேரக்டர் போட்டு லெவல் 6 வரை ஏத்தி ஸ்டார்ம்விண்ட் நகரத்துல கத்துகிட்டேன். மெயின் கேரக்டர் ஹெர்பலிஸ்ட் (செடி பறிக்கிற தொழில்), அதுலேர்ந்து ஹெர்ப் எல்லாம் மெயில்ல வந்துடுச்சு. பீஸ்ப்ளூம் நல்லா அரைபடுது, ஆனா மேஜ்ராயல் முழு ஸ்டேக் 20 இருந்தும் அரைக்கவே மாட்டேங்குது. எர்த்ரூட் 3, சில்வர்லீஃப் 2 இருக்கு, சேர்த்தா 5 தானே, அதுவும் நடக்கல. சரி, பீஸ்ப்ளூம் அரைச்சதுல வந்த அலபாஸ்டர் பிக்மென்ட்ட (சாயப்பொடி) வச்சு ஐவரி இங்க் போடலாம்னா லிஸ்ட்ல பேர் இருக்கு, கையில பொருள் இருக்கு, கிரியேட் பட்டன் மட்டும் அமுங்கல. ஆட்-ஆன் எல்லாம் ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணியும் பாத்தாச்சு. யாராச்சும் சொல்லுங்க.

மைக்கூடு:
ப்ரோ, கேம்ல கோளாறு எதுவும் இல்ல. மில்லிங்குக்கு (ஹெர்ப் அரைக்கறதுக்கு) ஒரே வகை ஹெர்ப் 5, அதுவும் ஒரே ஸ்டேக்ல இருக்கணும், வேற வேற ஹெர்ப்ப சேர்த்து எண்ணாது. ஒரே ஹெர்ப் ரெண்டு ஸ்லாட்ல பிரிஞ்சு கிடந்தா இழுத்து ஒண்ணு மேல ஒண்ணு போட்டுட்டு அரைங்க. மேஜ்ராயலுக்கு இன்ஸ்கிரிப்ஷன் ஸ்கில் 25 வேணும், அதுல வர்றது டஸ்கி பிக்மென்ட். அதுவரைக்கும் பீஸ்ப்ளூம், சில்வர்லீஃப், எர்த்ரூட் மாதிரி ஆரம்ப ஹெர்ப்தான்.

இங்க் விஷயம்: பேக்ல வர்ச்சுவோசோ இங்க்கிங் செட்னு ஒரு கருவி இருக்கா? அது இல்லாம எந்த இங்க்கும் ஆகாது. டிரெய்னர் கிட்டயே ஸ்டான்லி மெக்கார்மிக்னு சப்ளை விக்கிறவர் நிப்பார், அவர்ட்ட ஒண்ணு வாங்கினா போதும், அது தீராது. ஸ்க்ரோல் செய்ய லைட் பார்ச்மென்ட்டும் (எழுதுற தாள்) அங்கயே வாங்கிடுங்க.

பச்சிலைப்பை:
ஆஹா, இங்க்கிங் செட்டேதான்! வாங்கினதும் மளமளன்னு போகுது. ஐவரி இங்க், அதுல ஸ்க்ரோல் ஆஃப் ஸ்டாமினா, 35க்கு மேல மூன்க்ளோ இங்க், கிளிஃப்னு (கேரக்டரோட ஸ்பெல்ல மாத்துற பொருள்) ஏறிட்டே வந்துச்சு. இப்ப ஸ்கில் 75/75ல நின்னு போச்சு, டிரெய்னர்ட்ட அடுத்த நிலை சிவப்பா காட்டுது. செஞ்ச கிளிஃப்ப இந்த கேரக்டர்லயும் போட முடியல, மெயின்லயும் முடியல.

நார்த்ரெண்ட்_காத்து:
உங்க கேரக்டர் லெவல் 6 தானே, தொழில்ல அடுத்த நிலையான ஜர்னிமேனுக்கு லெவல் 10 ஆகணும். அடுத்து எக்ஸ்பர்ட் 20, ஆர்ட்டிசான் 35, மாஸ்டர் 50, கிராண்ட் மாஸ்டர் 65. பொருள் சேத்து வைக்க மட்டும் போட்ட பேங்க் கேரக்டர்ல தொழில் வச்சுக்கலாம்னு நினைக்கிறவங்க எல்லாரையும் இந்த லெவல் கணக்குதான் மடக்குது.

கிளிஃப் ஸ்லாட் 15லதான் முதல்ல திறக்கும், அதனால இந்த கேரக்டர்ல இப்ப வாய்ப்பே இல்ல. மெயின்ல போட லெக்ஸிகன் ஆஃப் பவர் பக்கத்துல நிக்கணும், பெரிய புத்தகம் மாதிரி இருக்கும், பெரிய ஊர்ல இன்ஸ்கிரிப்ஷன் டிரெய்னர் இருக்குற இடத்துல தேடுங்க. உங்க கிளாஸுக்கான கிளிஃப்தானான்னும் ஒருதரம் பாத்துக்கோங்க.

என்னைக் கேட்டா இன்ஸ்கிரிப்ஷன மெயின்லயே எடுத்திருக்கணும். ஸ்கில் 400ல உங்க தோள்பட்டை கியருக்கு நீங்களே மாஸ்டர்ஸ் இன்ஸ்கிரிப்ஷன் போட்டுக்கலாம், மத்தவங்க மாதிரி அதுக்காக சன்ஸ் ஆஃப் ஹோடிர்ங்கிற கூட்டத்துகிட்ட ரெபுடேஷன் (நல்ல பேர்) ஏத்த அலைய வேணாம்.

மைக்கூடு:
அதுக்காக மெயின்ல ஹெர்பலிசத்த மட்டும் விட்டுடாதீங்க ப்ரோ, அன்லேர்ன் பண்ணா ஏத்தின ஸ்கில் மொத்தமும் போயிடும், திரும்ப 1லேர்ந்துதான். 2008ல இந்த தொழில் முதல்ல வந்தப்பவும் சரி இப்பவும் சரி, எல்லாரும் ஒரே நேரத்துல ஏத்துறாங்க, ஆக்ஷன் ஹவுஸ்ல (ஏலக்கடை) ஹெர்ப் விலை அதுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும். சொந்தமா பறிக்க ஒரு கேரக்டர் கையில இருக்கறது பெரிய பலம். வெஸ்ட்ஃபால், லாக் மோடன் ஏரியா ஒரு சுத்து சுத்துங்க, மேஜ்ராயல், ப்ரையர்தார்ன் ரெண்டும் கிடைக்கும்.

75 வந்தாச்சுல்ல, டிரெய்னர்ட்ட மைனர் இன்ஸ்கிரிப்ஷன் ரிசர்ச் கத்துக்கோங்க. 20 மணி நேரத்துக்கு ஒருதடவை பண்ணலாம், புது மைனர் கிளிஃப் தெரியவரும், ஒரு நாளும் விடாதீங்க. எக்ஸ்பான்ஷன்ல நார்த்ரெண்ட் கண்டம் திறந்தப்புறம் அங்க டாலரன் நகரத்துல ஜெஸிகா செல்லர்ஸ்ட்ட இங்க் ஆஃப் த சீ ஒண்ணு குடுத்தா பழைய இங்க் ஒண்ணு தருவாங்க, அப்ப கீழ் லெவல் ஹெர்ப்ப தேடி அலையறது நிக்கும். ஸ்னோஃபால் இங்க்குக்கு மட்டும் 10 கேப்பாங்க.

பச்சிலைப்பை:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். மெயின்ல ஹெர்பலிசம் அப்படியே இருக்கட்டும், இந்த கேரக்டரையே லெவல் ஏத்துறேன்.

திருத்தம்: கோல்ட்ஷைர் க்வெஸ்ட் எல்லாம் முடிச்சு 10 ஆக்கியாச்சு, ஸ்கில் 75/150 காட்டுது, மேஜ்ராயலும் அரைபடுது. மெயின்ல கிளிஃப் ஏறிடுச்சு.