2026 எஃப்1 விதிகள்: சார்ஜ் பார்த்து ஓட்டுவதும் பந்தயமா?

பாம்பன்காரன்:
மண்டபம் தோணித்துறையில் வலை பிரித்துக்கொண்டே போனில் எஃப்1 (ஃபார்முலா 1) கார் பந்தயம் பார்க்கிற கூட்டம் எங்களுடையது. 2026-இல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள், முந்துவதற்காகப் பின்சிறகைத் திறக்கிற டிஆர்எஸ் கிடையாது, ஏறக்குறைய பாதி பவர் பேட்டரியில் இருந்து. நேர்ச்சாலையில் பறக்க வேண்டிய வண்டி சார்ஜுக்காக வேகத்தைக் குறைத்தால் மனசு கேட்கவில்லை. உங்களுக்கு எப்படி?

தொண்டி தம்பி:
அண்ணே, மின்மோட்டார் 120 கிலோவாட்டில் இருந்து 350 ஆகிவிட்டது, ஆனால் புகைபோக்கிக் காற்றில் இருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்த எம்ஜியு-எச் போய்விட்டது. செலவு கூடி, வரவுக்கு ஒரு வழி அடைபட்டால் இப்படித்தான் ஆகும். எனக்குப் பிடித்தது வண்டி சிறுத்தது, அகலத்தில் 10 செ.மீ. குறைவு, எடையும் சுமார் 30 கிலோ குறைவு.

கீழக்கரை வாசகர்:
எனக்குக் குறை சத்தம்தான். 2005-இல் நம்ம நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணி வண்டி ஓட்டியது வி10 (பத்து சிலிண்டர் எஞ்சின்) காலம், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஆறே வண்டி ஓடி அவர் நாலாவதாக வந்தார். அந்த அலறலை டிவியில் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். அடுத்த வருஷமே வி8 வந்தது, அதிலும் மிச்சமிருந்த அலறல் 2014-இல் வி6 ஹைப்ரிட் (ஆறு சிலிண்டரும் மின்மோட்டாரும் சேர்ந்தது) வந்ததோடு போச்சு.

ஏர்வாடி விசைப்படகு:
தம்பிகளா, பாம்பன் கால்வாயில் எதிர்நீரோட்டத்தில் எஞ்சினை முறுக்கிக்கொண்டே போகிறவன் திரும்பி வர டீசல் இல்லாமல் நிற்பான். எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே முறுக்குவது என்று தெரிந்தவனைத்தான் நாங்கள் நல்ல ஓட்டி என்போம். எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது.

பாம்பன்காரன்:
அண்ணே, அது சரி. ஆனால் யார் எந்த இடத்தில் இருந்து கிளம்புவது என்று முடிவு செய்கிற தகுதிச்சுற்றிலாவது, அந்த ஒரே ஒரு லேப்பிலாவது, முழுசாக மிதிக்க விட வேண்டும்.