225-ஆ இல்லையா? பென்னி ரெட் கடைசிக் கட்டம்

வணக்கம். பிரிட்டனின் ஒரு பென்னி சிவப்பு தபால்தலையை (பென்னி ரெட்), 1864 முதல் வந்த, பிளேட் (அச்சுத் தகடு) எண் பொறித்த வகையை, ஆறு வருடமாகச் சேர்க்கிறேன். எண்கள் 71 முதல் 225 வரை. 75, 126, 128 பிளேட்டுகள் அச்சுக்கே போகவில்லை. 77 அரிதிலும் அரிது, அதை மறந்துவிட்டேன். (பொய். ஆல்பத்தைத் திறந்தாலே கண் அந்தக் காலிக் கட்டத்துக்குத்தான் போகிறது.) மீதி 151-இல் 150 கையில் இருக்கிறது. பாக்கி 225 மட்டும்.

மூன்று வாரத்துக்கு முன், பல தபால்தலைகள் கலந்த ஒரு கட்டில் 225-ஆக இருக்கக்கூடிய ஒரு தலை கிடைத்தது. அச்சுத்தாளில் தலையின் இடத்தைக் காட்டும் கீழ் மூலை எழுத்துகள் எச், ஜே. வலது ஓர வலைப்பின்னலில் 22 தெளிவாகத் தெரிகிறது. மூன்றாவது இலக்கத்தின் மேல் கறுப்பு முத்திரைத் தடித்த கோடு. அடியில் ஒரு வளைவு மட்டும் எட்டிப் பார்க்கிறது: 3-ஆகவும் இருக்கலாம், 5-ஆகவும் இருக்கலாம். இடது பக்க எண்ணை ஓரத்துப் பல்துளை (கிழிக்க வசதியான துளை வரிசை) தின்றுவிட்டது.

பத்து மடங்கு லென்ஸில் பார்த்தாயிற்று. 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து நிறங்களைப் பிரித்தும் பார்த்தேன்; சிவப்பு மங்கி முத்திரைதான் இன்னும் பளிச்சென்று வந்தது. நீர்க்குறியும் (காகிதத்துக்குள் தெரியும் அடையாளம்) பல்துளை அளவும் எல்லா பிளேட்டுக்கும் ஒன்றுதான் என்பதால் பயனில்லை. முத்திரையை ரசாயனத்தால் அழிக்கச் சொல்லாதீர்கள், அது மட்டும் செய்ய மாட்டேன்.

223, 225 இரண்டிலும் இதே எச்-ஜே இடத்துத் தலை யாரிடமாவது இருந்தால், மூலை எழுத்துகள் கட்டத்துக்குள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன (இது பிளேட்டுக்குப் பிளேட் சற்று மாறும்) என்று ஒப்பிட ஒரு ஸ்கேன் போட முடியுமா?